ஒற்றைச் செருப்புக் கடை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று கல்முனைப் பிரதான வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். மணிக்கூடு திருத்துகிறவனுக்குப் பொறுமை வேண்டாமா என்று சிலர் புத்தி சொல்ல வருவதுண்டு. இருக்கிற பொறுமை முழுவதையும் மணிக்கூட்டுக்குள் போட்டுவிட்டால் மனிதருக்குக் கொடுக்க என்ன மிஞ்சும், சொல்லுங்கள் பார்ப்போம்! இந்தக் குணத்தோடு இருபது வருடமாக என்னைத் தன் கடை மூலையில் வைத்திருந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இடையிடையே கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை வீதியே கோல் காக்கா என்றுதான் கூப்பிட்டது. எங்கள் பக்கத்து முஸ்லிம் சனங்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். கோல் என்றது, அவர் வாலிபத்தில் ஊர்க் கால்பந்து அணிக்குக் கோல் கீப்பராக நின்றதால். ஆறடி உயரம். கை ஒவ்வொன்றும் முறம் போல இருக்கும். மட்டக்களப்பில் நடந்த ஓர் ஆட்டத்தில் அடுத்தடுத்து மூன்று பெனல்டி பிடித்தாராம். அந்த மூன்று, நான் அவரைச் சந்தித்த காலத்தில் நாலாகிவிட்டது. பிறகு ஐந்து. "காக்கா, போன வருசம் நாலெண்டு சொன்னீங்க" என்று நான் கணக்குக் கேட்டால், "அதுக்குப் பிறகு நினைவு வந்திச்சு, தம்பி" என்பார். முகத்தில் ஒரு சிரிப்பும் வராது.

முழங்கால் பிரண்டு விளையாட்டு நின்றுபோனபோது அவருக்குச் செருப்புக் கடை போட்டுக்கொடுத்தது மனைவியின் வாப்பா, அதாவது தகப்பனார். எங்கள் கரையோர ஊர்களில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடு பெண்ணுக்குத்தான். ஆம்பிளை உடுப்புப் பெட்டியோடு போய்ச் சேருகிறவன். "வீடு அவட, கடை அவட வாப்பாட. என்ட எண்டு சொல்ல இந்த ரெண்டு கையும் ஒண்டரைக் காலும்தான் இரிக்கி" என்று முழங்காலைத் தட்டிக் காட்டிச் சொல்வார். சொல்லும்போது பெருமையாகத்தான் இருப்பார்.

அவர் செருப்பு விற்கும் விதம் உலகத்தில் எங்கும் இல்லாத விதம். அளவுப் பலகை கிடையாது. வாசற்படியில் ஏறுகிற ஆளின் காலை ஒரு பார்வை பார்ப்பார். "எட்டு. வலது கொஞ்சம் பெருசு, எட்டரை கேக்கும். பரவால்ல, தோல் இளகும்." முடிந்தது. செருப்பைப் போட்ட ஆள் ஒருமுறை காற்றில் உதைத்துக் காட்ட வேண்டும். அதுதான் பரிசோதனை. பாடசாலை அதிபர், பள்ளிவாசல் பெரியவர், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்யும் கண்ணாடிக்காரர், யாராக இருந்தாலும் சரி, வீதி பார்த்துக்கொண்டிருக்கச் சாரனைத் தூக்கிப் பிடித்து ஓர் உதை. "இன்னும் பலமா! போஸ்டுக்கு மேலால போகட்டும்!" பெண்கள் வந்தால் மட்டும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசல் வரை நடந்து பார்க்கச் சொல்வார். உதைபட்டுக் கழன்ற செருப்பு ஒரு தடவை எதிரே இருந்த மருந்துக் கடைக்குள் போய் விழுந்தது. மருந்துக் கடைக்காரர் அதை ஒரு மாதம் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் காரைதீவு ஆள். எனக்கும் அதே வீதியில் ஒரு சின்னக் கடை இருந்தது. ஒரு கலவரத்தில் அது எரிந்துபோனது. யார் எரித்தது என்ற கதை வேண்டாம். அதைத் தொடங்கினால் இரண்டு பக்கத்திலும் எரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டிவரும், எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். அதே கலவரத்தில் காக்காவின் கடையை உடைத்து, ஒரு வார் மிச்சமில்லாமல் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வீதி திறந்த அன்று நான் சாம்பலுக்குள் குனிந்து என் திருப்புளிகளைத் தேடிக்கொண்டு நின்றேன். வெறும் தட்டுகளுக்கு நடுவில் நின்ற இந்த நெடிய மனிதர் கூப்பிட்டார்.

"தம்பி, என்னத்தத் தேடுற?"

"என்ட தலையெழுத்த."

"அது அங்க இல்ல. இஞ்ச ஒரு மூலை சும்மா கிடக்கு. வந்து குந்து."

போய்க் குந்தினேன். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஒரு விளக்கு. அவ்வளவுதான் என் இராச்சியம். ஊர் பதற்றமாக இருக்கிற நாட்களில் காக்கா தன் சைக்கிளில் என்னோடு கூடவே சாய்ந்தமருதைக் கடந்து காரைதீவு எல்லை வரை வருவார். எல்லையில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். "மணிக்கூட்டுக்காரரக் கொண்டுவந்திரிக்கன். சாமான் சரியா எண்டு பாத்து எடுங்க!" என்று கத்திவிட்டுத் திரும்புவார். முறைத்தவர்களும் சிரித்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கத்துவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கடை கொள்ளைபோன பிறகுதான் காக்காவுக்கு அந்த யோசனை வந்தது. கடையில் இனி இடது கால் செருப்பு மட்டும். வலது கால் எல்லாம் சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் இருக்கிற வீட்டு அறையில். "ஒத்தைச் செருப்ப எவன் களவெடுப்பான்? உடைச்சாலும் உடைக்கட்டும், என்னத்தக் காலுல போடுறான் பாப்பம்!" என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். சண்டையும் கலவரமும் எப்போதும் பிரதான வீதியால்தான் வரும், கடற்கரைப் பக்கம் பத்திரம் என்பது அப்போது எல்லோருடைய கணக்கும். அதனால் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சும்மா சொல்லக்கூடாது, நானும் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அந்தக் கடையில் ஒரு சோடி செருப்பு வாங்குவது என்பது அரைமணி நேர வேலை. ஆள் இடது காலைப் போட்டுப் பார்த்து, உதைத்து, சரியென்றதும் காக்கா வீட்டுக்குத் தகவல் சொல்வார். முதலில் துண்டுக் கடதாசி, பிறகு டெலிபோன். வீட்டில் ராத்தா, அதாவது காக்காவின் மனைவி, அறைக்குள் போய் வலது காலைத் தேடி எடுத்து, ஒழுங்கை முகப்பில் நின்று தெரிந்த ஓட்டோக்காரர் கையில் கொடுத்துவிடுவார். அது வரும்வரை வாடிக்கையாளருக்கு ஒரு பிளேன்டீ. அவசரக்காரர்கள் இடது காலில் புதுச் செருப்பும் வலது காலில் பழையதுமாகச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு காலில் புதுசும் மறு காலில் பழசுமாக ஒருவர் போனால், "கோல் காக்காட கடைக்குப் போயிருக்கார்" என்று வீதிக்குத் தெரியும்.

ராத்தாவை நான் நேரில் கண்டது நாலைந்து தடவைதான் இருக்கும். ஆனால் அந்தக் குரல் எனக்கு மனப்பாடம். ரிசீவரிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கும். "கறுப்பு ஆறெண்டா எந்தக் கறுப்பு ஆறு? குதி வெச்சதா, வெக்காததா? ஒழுங்காக் கதைங்க! கண்ண அங்க வெச்சிட்டு என்னைத் தேடச் சொன்னா எப்பிடி?" ஐந்து பெனல்டி பிடித்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்று பதில் சொல்வார். நோன்பு காலத்தில் கஞ்சி வரும். அதற்குள் இறைச்சி போடாமல் எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் வரும். ஒருநாள் நான் டெலிபோனை வாங்கி நன்றி சொன்னேன். "தம்பி, நீங்க அங்க இரிக்கிறதால அந்த மனிசன் கடையில ஒழுங்கா இரிக்கிறார். நன்றி நான்தான் சொல்லணும்" என்று பதில் வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லண்டனிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தார். அன்று பகல் என் வீட்டில் சாப்பாடு. கடையைத் திறந்து காலை வேலை கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். சைக்கிளால் இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. ஓர் ஊசி குத்தினால் அன்றைக்குச் சமாளித்திருக்கலாம். காக்காவும் அதைத்தான் சொன்னார்.

"இப்பத்தானே தம்பி திறந்தன். ஊசியக் குத்திக்கிட்டு இரி. பின்னேரம் பாப்பம்."

எனக்கு வந்ததே கோபம்! "லண்டன் மச்சானுக்கு முன்னால ஊசி குத்தின செருப்போட நிண்டா மனிசன் என்ன நினைப்பான்? உங்கட கடையில இருபது வருசம் குந்தியிருந்து என்ன பிரயோசனம்? எடுங்க காக்கா ஒரு சோடி, இப்பவே!" அப்போது இருபது வருடம் ஆகவில்லை. கோபத்தில் கூட்டிச் சொன்னேன். தட்டிலிருந்து மண்ணிறத் தோல் செருப்பு ஒன்றை நானே எடுத்தேன். ஏழாம் நம்பர், இடது கால். போட்டுப் பார்த்தேன். உதைக்காமலே சரி என்றேன்.

காக்கா வீட்டுக்கு டெலிபோன் எடுத்தார். "ஏழா? தம்பிக்கா?" என்று ராத்தா கேட்டது என் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அக்கரைப்பற்று பஸ் ஒன்று கடை வாசலில் நின்று கோர்ன் அடித்துத் தொலைத்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காக்கா மற்றக் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கதைத்தார். ஒருமுறை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரிசீவரை வைத்துவிட்டு, "எடுக்கப் போறா" என்றார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. சாய்ந்தமருதுப் பக்கமிருந்து சனம் ஓடிவந்தது. நனைந்த உடுப்போடு, தலைவிரிகோலமாக, பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொண்டு. "கடல் வருது! கடல் வருது!" எங்களுக்குச் சுனாமி என்ற சொல்லே அப்போது தெரியாது. காக்கா மறுபடி டெலிபோன் எடுத்தார். மணி அடிக்கவே இல்லை. அடுத்த கணம் அந்த ஒன்றரைக் காலோடு, வருகிற சனத்துக்கு எதிராக ஓடத் தொடங்கினார். நானும் பின்னால் ஓடினேன். இடது காலில் புதுச் செருப்பு, வலது காலில் ஒன்றுமில்லை. சாய்ந்தமருதுக்குள் போகப் போக வீதியிலேயே தண்ணீர் முழங்கால் வரை நின்றது. அந்த நெரிசலில் அவரைத் தவறவிட்டேன். என் வீடு காரைதீவில் வயல் பக்கம். என் ஆட்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிய எனக்கு மத்தியானம் தாண்டிவிட்டது. லண்டன் மச்சான் அன்று முழுவதும் கடற்கரைப் பக்கம் நின்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் காலிலும் செருப்பு இருக்கவில்லை.

ராத்தாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. வலது கால் செருப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு காக்கா வந்து கடையைத் திறந்தார். என்னத்தைச் சொல்ல! தட்டுத் தட்டாக இடது கால்கள். ஒன்றுக்காவது துணை இல்லை. அவற்றைத் தூசு தட்டி, பழைய ஒழுங்கில் அடுக்கிவிட்டு, டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொழும்பில் கலியாணம் முடித்திருந்த மகள் வந்து, "வாப்பா, இதெல்லாத்தையும் வீசிட்டு என்னோட வாங்க" என்று அழுது பார்த்தாள். மறுத்துவிட்டார். புதுச் சரக்கு எடுங்கள் என்று துணிக் கடைக்காரர் சொன்னார், மருந்துக் கடைக்காரர் சொன்னார். கல்லுப் பிள்ளையார் போல இருந்தார். பிறகு ரப்பர் செருப்புகள் கொஞ்சம் வாங்கி வாசலில் சோடியாகத் தொங்கவிட்டார். அதில்தான் வயிறு கழுவினார். உள்ளே இருந்த இடது கால்களில் மட்டும் கை வைக்கவில்லை.

அன்று நான் போட்டுக்கொண்டு ஓடி, பிறகு கடையில் கொண்டுவந்து கழற்றிப் போட்ட மண்ணிற ஏழும் அவற்றோடு இருந்தது. வேறெங்கும் இல்லை, என் முக்காலிக்கு நேரே, கண் மட்டத்தில். அங்கே அதை வைத்தது அவர்தான். நான் தலை நிமிர்த்தினால் அதுதான் தெரியும். என்னால்தான் ராத்தா அந்த அறைக்குள் போனார். நான் ஓர் ஊசியைக் குத்திக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அவர் முற்றத்தில் நின்றிருப்பார், சனத்தோடு சனமாக ஓடியிருப்பார். வயல் பக்கம் ஓடிப் பிழைத்தவர்களும் உண்டுதானே. இதை நான் என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. காக்காவிடம் எப்படிக் கேட்பது? அவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். விசிறி ஏன் இந்தப் பக்கம் திரும்பவில்லை, றேடியோ ஏன் இவ்வளவு சத்தம் என்று சண்டை பிடித்தேன். இரண்டு தடவை கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகப் பார்த்தேன். "வை தம்பி, அங்க வெளிச்சம் காணாது" என்று மட்டும் சொல்வார். நான் வைத்துவிடுவேன்.

இப்படியே வருடங்கள் போயின. முதலில் எங்கள் கிழக்கில் சண்டை ஓய்ந்தது, பிறகு வடக்கிலும் முடிந்தது. பாதைத் தடைகளை எடுத்தார்கள். வீதியில் நெடுநாள் காணாத முகங்கள் வரத் தொடங்கின.

அப்படி ஒருநாள் காலை வினாயகபுரத்து ஆள் ஒருவர் வந்தார். மீன்பிடிக்காரர். கக்கத்தில் ஊன்றுகோல். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி.

"அண்ணன், ஒரு செருப்பு மட்டும் விப்பீங்களா? போற கடையெல்லாம் சோடியாத்தான் தருவமெண்டு நிக்கிறாங்க. மற்றத நான் என்ன செய்ய?"

காக்கா அவரைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். மறுபடி அந்த மனிதரின் காலைப் பார்த்தார். "எட்டு" என்றார். ராத்தா போன பிறகு அவர் வாயிலிருந்து ஒரு நம்பர் வந்தது அன்றுதான். மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கொண்டுபோய்க் கொடுக்காமல், அங்கிருந்தே எறிந்தார். ஊன்றுகோலில் சாய்ந்தபடி அந்த மனிதர் ஒற்றைக் கையால் அதைப் பிடித்தார். "அட! கோல் கீப்பருக்கு நிண்டிருக்கீங்களோ?" என்று காக்கா கேட்டார். நான் குனிந்து மணிக்கூட்டுக்குள் பார்த்தேன். முள் ஒன்றும் தெரியவில்லை.

விசயம் பரவிவிட்டது. திருக்கோவிலிலிருந்து வந்தார்கள், மூதூரிலிருந்து வந்தார்கள், அம்பாறையிலிருந்து ஊன்றுகோலோடு சிங்களப் பொடியன்கள் வந்தார்கள். எந்தப் பக்கத்தில் நின்று போன கால் என்று காக்கா யாரையும் கேட்கவில்லை. சில நாட்களில் ஒரு பக்கத்துக்காரரும் மறு பக்கத்துக்காரரும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். வலது கால் மட்டும் உள்ளவர்களும் வந்தார்கள். முதலில் வந்தது ஓர் இளம் பெண். "இஞ்ச எல்லாம் இடதுதான், மகள்" என்று சொல்லிவிட்டு அன்று காக்கா மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டார். அடுத்த கிழமை கொழும்புக்குப் போய் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு சோடி வாங்கி வந்து, வலதை அவளுக்குக் கொடுத்து, இடதைத் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அப்படியே. "இப்பிடிப் போனா உங்கட இடது கால் எண்டைக்குத்தான் முடியும்?" என்று நான் கத்தினேன். "முடியாட்டி என்ன?" என்றார். மனிதர் பழையபடி சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

பிறகு ஒரு நாள் அந்த ஏழு வந்தது. பாண்டிருப்பு வயற்காரர் ஒருவர், இடது கால் மட்டும் உள்ளவர். காக்கா சொல்லுமுன்னே அவர் ஊன்றுகோலை நீட்டி என் முகத்துக்கு நேரே இருந்த மண்ணிறச் செருப்பைக் காட்டினார். "அது வடிவா இருக்கு. ஏழுதானே?"

காக்கா அதை எடுத்தார். எடுத்த கை நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது உன்ட. குடுக்கட்டா?"

அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டுதான் அதை என் கண் முன்னால் வைத்திருந்திருக்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, முக்காலி பின்னால் விழ எழுந்தேன்.

"குடுங்க! குடுத்துத் துலையுங்க! நான் இதைக் கேட்டிராட்டி ராத்தா இண்டைக்கு உசிரோட இருந்திருப்பா. அதத்தானே சொல்ல வாறீங்க? வாயத் திறந்து ஒருக்காச் சொல்லியிருக்கலாமே காக்கா! இத்தனை வருசமா இத முன்னால வெச்சு என்னைக் கொல்லுறீங்களே!"

வயற்காரர் மிரண்டுபோனார். காக்கா அவருக்கு அதைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துப் படியிறக்கி அனுப்பினார். பிறகு வந்து, விழுந்த முக்காலியை நிமிர்த்தி என்னை உட்கார வைத்துவிட்டு, எனக்கு எதிரே பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தார்.

"நீ கேட்டது செருப்பு. கடையில வேற என்னத்தக் கேப்பாய்? உன்னில என்ன பிழை?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்டைக்கு அவ டெலிபோன்ல சொன்னா, ரோட்டால சனம் ஓடுது, கடல் வருதெண்டு கத்துறாங்க, அடுத்த வீட்டாக்கள் வெளிக்கிட்டாங்க, நானும் போறன் எண்டு. நான் சிரிச்சன். கடல் எங்க புள்ள வரப்போகுது, அது அங்கதான் கிடக்கும் எண்டன். தம்பி வெறுங்காலோட நிக்கான், ஏழ எடுத்துக் குடுத்திட்டுப் போ எண்டன். நில் எண்டு சொன்னது நான்."

பஸ் கோர்ன் சத்தத்துக்குள் கேட்ட அந்தச் சிரிப்பு அதுதான்.

"இத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"உனக்குத் தெரியுமெண்டு நினைச்சன்." உடனே தலையை ஆட்டினார். "இல்ல. பொய். உனக்குத் தெரியாதெண்டு எனக்கு நல்லாத் தெரியும். நீ அந்தச் செருப்பப் பாக்கிற நேரமெல்லாம் நான் உன்னப் பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன். நீயும் சுமக்கிறாய் எண்டு தெரியும். ரெண்டு பேர் சுமந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இரிந்திச்சு. அதாலதான் அத எடுக்கல்ல, வாயும் திறக்கல்ல. நான் செஞ்சது பாவம். மன்னிச்சிரு தம்பி."

ஐந்து வருடத்துக்கு மேல்! நித்திரை இல்லாமல் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. திருப்புளிகளை, சாமணத்தை, கண்ணில் மாட்டும் கண்ணாடியை எல்லாம் தகர டப்பாவுக்குள் அள்ளிப் போட்டேன். அவர் தடுக்கவில்லை, வெளிச்சம் காணாது என்றும் சொல்லவில்லை. டப்பாவோடு படி வரை போனேன். போனவனுக்கு ஒன்றைக் கேட்காமல் இறங்க முடியவில்லை.

"நில் எண்டு சொன்னதுக்கு ராத்தா என்ன சொன்னா?"

காக்கா டெலிபோன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி எண்டா. கோவிக்கல்ல." குரல் கம்மிப்போயிருந்தது. "தோல் செருப்பு வேணாம் எண்டா. தம்பிக்குச் சீனி வருத்தம்தானே, தோல் கடிச்சா புண் ஆறாது, மெதுவான ஏழு ஒண்டு அறைக்குள்ள அடியில எங்கயோ இரிக்கி, அதத் தேடி எடுக்கிறன், நீங்க அங்க இரிக்கிற அந்த இடதையும் மாத்திக் குடுங்க எண்டா. அதுதான் கடைசி."

எனக்குச் சீனி வருத்தம் என்று நான் ராத்தாவுக்குச் சொன்னதே இல்லை. காக்கா என்றைக்கோ வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்க வேண்டும். கடல் வருகிறதென்று ஊர் ஓடிக்கொண்டிருந்தபோது, நாலைந்து தடவை மட்டும் கண்ட ஒருவனின் காலுக்கு நோகக்கூடாதென்று அந்த மனிசி குனிந்து அடியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

டப்பாவைப் படியில் வைத்துவிட்டு நான் அழுதேன். காக்கா அந்தப் பெரிய கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மருந்துக் கடைக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். ராத்தாவுக்காக நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்து அழுதது அன்றுதான்.

மன்னித்தேன் என்று அவரிடம் இன்றுவரை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. மறுநாள் காலை போய் அந்த மூலையில் உட்கார்ந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து, என் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார்.